தாழ்நிலத்தின் தனிவழிகள்

ஹாலந்து தேசத்தின் மேற்குப் பகுதியில், லெய்டன், ஹௌடா, உட்ரெக்ட் முதலிய பழைய நகரங்களுக்கு இடையே பரந்து கிடக்கும் பசும்புல் பிரதேசத்தில், ஒருபுறம் கால்வாயும் மறுபுறம் கறவைமாடுகள் மேயும் புல்வெளியுமாக, மோட்டார் வண்டியின் ஓசையே காதில் விழாமல் மணிக்கணக்கில் சைக்கிளில் செல்லத்தக்க பாதைகள் ஏராளமாக இருக்கின்றன. முதன்முறையாக அங்கே செல்லும் பிறநாட்டார் இரண்டு விஷயங்களைக் கண்டு வியப்படைகிறார்கள். ஒன்று, கால்வாயின் நீர்மட்டம் பக்கத்து வயலின் மட்டத்தைவிட உயரத்தில் இருப்பதும், அதனால் படகுகள் மாடுகளின் முதுகுக்கு மேலே மிதந்து செல்வதாகத் தோன்றுவதும். மற்றொன்று, ஐரோப்பாவிலேயே ஜனநெருக்கம் மிகுந்த தேசங்களில் ஒன்றான அந்நாட்டின் நட்டநடுவில் இத்தனை ஏகாந்தமான வழிகள் எவ்வாறு எஞ்சியிருக்கின்றன என்பது. இவ்விரண்டு வியப்புகளுக்கும் மூலம் ஒன்றே என்பதும், நீரை வெளியேற்றிய சரித்திரத்தை அறியாமல் அந்தப் பாதைகளின் சரித்திரத்தை அறிய முடியாது என்பதும் என் துணிபு.

நாடு சமதளமாக இருக்கிறது, ஆகையால் ஜனங்கள் சைக்கிளில் போகிறார்கள் என்று சொல்லி முடித்துவிடுவது பலருக்கும் வழக்கம். இந்த அபிப்பிராயத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மைதான். இங்கிலாந்தின் கிழக்கே ஃபென்ஸ் எனப்படும் சதுப்புநிலப் பிரதேசத்தை 17-ஆம் நூற்றாண்டில் வற்றச் செய்தவர் கார்னீலியஸ் வெர்மாய்டன் என்ற ஹாலந்துக்காரர். அங்கும் நிலம் தட்டையானதே, அங்கும் கால்வாய்கள் அம்புபோல நேராக ஓடுகின்றன. இருந்தும், ஹாலந்தில் உள்ளது போன்ற சைக்கிள் பாதைகளின் வலை அங்கே உண்டாகவில்லை. பூமியின் அமைப்பு இடம் கொடுத்தது, அவ்வளவே. பாதையை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். அதையும் அவர்கள் ஒருமுறை அன்று, இருமுறை உண்டாக்க வேண்டியிருந்தது. முதலில் நீரிடமிருந்து அதை மீட்டார்கள். பிறகு, நம் காலத்துக்குச் சமீபத்தில், மோட்டாரிடமிருந்து மீட்டார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பிரதேசம் முழுவதும் மக்கிய தாவரங்களால் ஆன கரிச்சேற்று நிலமாக, கடல்மட்டத்துக்குச் சற்று உயரமாகவே இருந்தது. அதில் குடியேறிய உழவர்கள் நீண்ட வாய்க்கால்களை வெட்டி ஈரத்தை வடித்துப் பயிர் செய்தார்கள். ஈரம் வடிந்த கரிச்சேறு காற்றுப்பட்டு மக்கி இறுகவே, நிலம் தலைமுறைக்குத் தலைமுறை அமிழ்ந்துகொண்டே சென்றது; அமிழ்ந்த நிலத்தில் நீர் தேங்கவே, இன்னும் ஆழமாக வடிக்க வேண்டியதாயிற்று; வடித்ததனால் மேலும் அமிழ்ந்தது. போதாக்குறைக்கு, விறகு அரிதான அந்நாட்டில் அடுப்பெரிக்கவும் செங்கல் சுடவும் அதே கரிச்சேற்றைத் தோண்டி உலர்த்தி விற்றதனால், தோண்டிய குழிகள் ஏரிகளாகி, ஏரிகள் கரையை அரித்து ஒன்றோடொன்று கலந்து பெருகின. மனிதன் தன் உழைப்பினாலேயே தன் காலடி நிலத்தைத் தாழ்த்திக்கொண்ட விருத்தாந்தம் இது. இன்று அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 26 சதவிகிதம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மிகத் தாழ்ந்த இடம், ராட்டர்டாம் நகருக்கு வடகிழக்கே, 6.76 மீட்டர் கீழே உள்ளது.

கரை கட்டி, உள்ளே உள்ள நீரை வெளியே இறைத்து, நீர்மட்டத்தைத் தன் வசத்தில் வைத்துக்கொள்ளும் நிலப்பரப்புக்குப் போல்டர் என்று பெயர். விளிம்புள்ள தாம்பாளத்தை நினைத்துக்கொண்டால் அதன் வடிவம் விளங்கும். இந்த விளிம்பு ஓரிடத்தில் உடைந்தாலும் எல்லோருடைய நிலமும் போய்விடும் என்பதனால், கரையைக் காப்பது எவனொருவனுடைய சொந்த விஷயமாகவும் இருக்க முடியவில்லை. பிரபுவின் நிலமும் ஏழைக் குடியானவனின் நிலமும் ஒரே கரையின் பாதுகாப்பில் இருந்தபடியால், வாட்டர்ஸ்காப் எனப்படும் நீர்ச்சபைகள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே தோன்றி, தாமே வரி விதித்து, தாமே கரைகளைச் சோதித்து, தாமே தண்டனையும் கொடுத்து வந்தன. தன் பங்குக் கரையைப் பராமரிக்க இயலாத உழவன், அந்தக் கரையில் தன் மண்வெட்டியை நட்டுவிட்டு நிலத்தைத் துறந்து போய்விட வேண்டும் என்றும், அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் கரைக்கடமையும் ஒருங்கே சேரும் என்றும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. கடுமையான நியாயம்தான், ஆனால் கடலோரத்தில் தயை காட்டினால் ஊரே மூழ்கும். இந்த நீர்ச்சபைகளில் 21 இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்குத் தேர்தலும் நடக்கிறது.

சாலைச் சரித்திரத்தில் இந்தச் சபைகளுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். சேறும் நீருமான நாட்டில் கால் நனையாமல் நடக்கத்தக்க இடம் கரையின் உச்சி ஒன்றுதான். ஆகவே கரையே சாலையாயிற்று. வீடுகளும் அந்தக் கரையை ஒட்டியே வரிசையாக அமைந்தன. பல கிலோமீட்டர் நீளமும் ஒரே ஒரு வீட்டின் அகலமும் உள்ள கிராமங்களை அங்கே இன்றும் காணலாம். கரையைச் சோதிப்பவர் நடக்கவும், பழுது பார்க்க மண் கொண்டுவரவும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதனால், அதைப் பேணும் பொறுப்பு நீர்ச்சபையின் தலையில் விழுந்தது. ஸேலாந்து முதலிய சில பகுதிகளில் கிராமப்புறச் சாலைகள் இன்றும் நீர்ச்சபையின் நிர்வாகத்திலேயே இருக்கின்றன. கரை குறுகியது, வளைந்து வளைந்து செல்வது, இருபுறமும் சரிவானது. அதை அகலப்படுத்த வேண்டுமானால் கரையையே மாற்றிக் கட்ட வேண்டும். பிற்காலத்தில் பெரிய வாகனங்கள் வந்தபோது, அவற்றுக்கு இடமில்லை என்று சொல்லும் காரணம் மண்ணிலேயே தயாராக இருந்தது.

17-ஆம் நூற்றாண்டில் தனவந்தர்களான வர்த்தகர்கள் இத்துறையில் புகுந்தார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் என்ற பெரிய ஏரியை வற்றச் செய்ய 1607-இல் அனுமதி கிடைத்தது. பொருள் கொடுத்தவர்களில் முக்கியமான ஒருவர் டிர்க் வான் ஆஸ். 1602-இல் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்பட்டபோது ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் தங்கள் பங்குப் பணத்தை எழுதிவைத்தது இவருடைய வீட்டில்தான். அந்தக் கம்பெனியே 1610-இல் நம் பழவேற்காட்டில் வியாபாரம் செய்ய அனுமதி பெற்று, சில ஆண்டுகளில் அங்கே கோட்டையும் கட்டிக்கொண்டது. ஒரே காலத்தில் ஒரே கூட்டத்தார் சோழமண்டலக் கரையில் துணி வாங்கவும் தங்கள் ஊர் ஏரியின் அடியில் நிலம் வாங்கவும் பணம் போட்டார்கள் என்பது நம்மவர் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க செய்தி.

பேம்ஸ்டரில் காற்றாலைகளை அமைக்கும் வேலையை நடத்தியவர்களில் பெயர் பெற்றவர் யான் ஆட்ரியான்ஸோன் லேக்வாட்டர். பக்கத்து ஊராகிய டெ ரைப்பில் பிறந்த தச்சர். ஒரு காற்றாலை சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கே நீரைத் தூக்க வல்லது. ஏரியோ மூன்றரை மீட்டர் ஆழம். ஆகையால் ஒன்று இறைத்த நீரை அடுத்தது வாங்கி இன்னும் மேலே இறைக்கும்படி ஆலைகளை வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். ஏறத்தாழ வற்றிப்போயிருந்த ஏரி, 1610-ஆம் ஆண்டுப் புயலில் கரை உடைந்து மறுபடியும் நிரம்பிவிட்டது. மனம் தளராமல் கரையை இன்னும் உயர்த்திக் கட்டி, 1612-இல் 7,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வெளிப்படுத்தினார்கள். அந்த நிலத்தை 180 மீட்டர் அகலமும் 900 மீட்டர் நீளமும் உள்ள மனைகளாக அளந்து, சாலையும் வாய்க்காலும் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும்படி அமைத்து, சாலையோரங்களில் மரங்களையும் நட்டார்கள். 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பு நான்கு நூற்றாண்டுகளாக மாறவில்லை. பேம்ஸ்டரின் சாலைகளில் சைக்கிளில் செல்பவர், முன்னரே திட்டமிட்டுக் கணிதத்தால் வரைந்த பூமியின்மீது செல்கிறார்.

ஆனால், என் உள்ளத்தை மிகவும் கவர்வது இந்த ஏரிநிலங்களின் சாலைகள் அல்ல. குதிரை நடந்த கரைவழிகளே. 1632-இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே நேரான ஒரு கால்வாய் வெட்டி, அதன் கரையோடு ஒரு பாதையும் அமைத்து, அந்தப் பாதையில் நடக்கும் குதிரை நீண்ட கயிற்றால் பிரயாணிகள் படகை இழுத்துச் செல்லும்படி நகரசபைகள் ஏற்பாடு செய்தன. குதிரையின்மேல் பெரும்பாலும் ஒரு சிறுவன் அமர்ந்து அதை ஓட்டுவான். வேகம் மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர். நடப்பவரைவிடச் சிறிதே அதிகம். எனினும் அதன் பெருமை வேகத்தில் இல்லை. குறித்த வேளையில் படகு புறப்படும், கட்டணம் நிச்சயமானது, மழையானாலும் காற்றில்லாவிட்டாலும் போய்ச்சேரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லலாம். பாய்மரப் படகும் சேற்றுச் சாலையும் தவிர வேறொன்றும் அறியாத ஜனங்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நகரத்துக்கு நகரம் போட்டியிட்டு, லெய்டனும் டெல்ஃப்டும் ஹார்லெமும் ஒன்றோடொன்று இணைந்து, 1665-ஐ ஒட்டி இத்தகைய கால்வாய்வழிகள் சுமார் 650 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏற்பட்டிருந்தன. வர்த்தகரும் பாதிரியாரும் பால்காரியும் மாணாக்கரும் ஒரே படகில் அமர்ந்து, புகைபிடித்து, நாட்டு நடப்பைப் பேசிக்கொண்டு சென்றார்கள்.

அந்தக் குதிரைப்பாதை எவ்வாறு இருக்க வேண்டியிருந்தது என்பதை ஆலோசித்தால், அது இன்றைய சைக்கிள்காரருக்காகவே செய்து வைத்ததோ என்று தோன்றும். கயிறு சிக்கக் கூடாது. ஆகவே கரையோரம் மரமோ வேலியோ இருக்கலாகாது. குதிரை இளைக்கக் கூடாது. ஆகவே ஏற்ற இறக்கம் இருக்கலாகாது. படகு தாமதிக்கக் கூடாது. ஆகவே பாதை நகரின் வாயிலிலிருந்து அடுத்த நகரின் வாயிலுக்கு நேரே செல்ல வேண்டும். வளைவுகளில் கயிறு கரையில் உராயாதபடி, தானே சுழலும் மரத்தூண்களை நட்டிருந்தார்கள். சில இடங்களில் அத்தூண்கள் இன்றும் நிற்கின்றன. 1839-இல் அதே ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே நாட்டின் முதல் ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு இழுவைப் படகுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. குதிரைகள் போய்விட்டன, பாதை அங்கேயே இருந்தது. 1657-இல் திறந்த ஹார்லெம்–லெய்டன் கால்வாயின் ஓரத்திலும், லெய்டனிலிருந்து டெல்ஃப்ட் செல்லும் ஃப்ளீட் என்னும் நீர்வழியின் ஓரத்திலும், அந்தப் பழைய தடத்தின்மீதே இன்று சைக்கிள்கள் செல்கின்றன.

நீரோடு நடந்த போர்களில் மிகப் பெரியது ஹார்லெம்மர்மேர் என்ற ஏரியோடு நடந்தது. அதை நீர் ஓநாய் என்றே ஜனங்கள் அழைத்தார்கள். கரையோரக் கிராமங்களை விழுங்கி அது ஆண்டுதோறும் பெருகிற்று. 160 காற்றாலைகளைக் கொண்டு அதை வற்றச் செய்யலாம் என்று லேக்வாட்டர் 1641-இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். இரண்டு நூற்றாண்டுகள் அந்த யோசனை ஏட்டிலேயே கிடந்தது. 1836-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு புயல் ஏரிநீரை ஆம்ஸ்டர்டாமின் வாசல்வரை கொண்டுபோயிற்று. டிசம்பரில் மற்றொரு புயல் எதிர்த்திசையில் லெய்டன்வரை கொண்டுபோயிற்று. அதன் பிறகே அரசாங்கம் விழித்தது. ஏரியைச் சுற்றிச் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, 1849 முதல் 1852 வரை மூன்று நீராவி இறைப்பு நிலையங்களை இடைவிடாமல் ஓட்டி, 18,000 ஹெக்டேர் நிலத்தை மீட்டார்கள். அவற்றில் ஒன்றுக்கு லேக்வாட்டரின் பெயரையே வைத்தது நன்றியுள்ள செயல். மற்றொன்றாகிய க்ரூகியஸில் உள்ள யந்திரம் இங்கிலாந்தின் கார்ன்வாலில் செய்தது. அதன் உருளையின் விட்டம் 3.66 மீட்டர். 1933-இல் அது ஓய்வு பெற்றது. இப்போது அந்தக் கட்டடம் ஒரு காட்சிசாலை. வற்றிய நிலத்தில் முதலில் குடியேறியவர்கள் குடிசையிலும் காய்ச்சலிலும் பட்ட துன்பங்கள் கொஞ்சமல்ல. அந்த ஏரியின் அடித்தளத்தில்தான் இன்று ஸ்கிபோல் விமான நிலையம் இருக்கிறது.

சைக்கிள் இந்த அரங்கில் தோன்றியது இதற்குச் சிறிது பின்னர்தான். டெவென்டர் நகரில் 1869-இல் பர்கர்ஸ் என்பவர் முதல் தொழிற்சாலையை ஆரம்பித்தார். முதலில் செல்வர் வீட்டு இளைஞரின் விளையாட்டாக இருந்த அந்த வண்டி, விலை இறங்கவே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளி, ஆசிரியை, தபால்காரர், குடியானவர் எல்லோருக்கும் உரியதாயிற்று. 1883-இல் உட்ரெக்டில் தோன்றி, பிறகு ஏஎன்டபிள்யூபி என்று பெயர் பெற்ற சைக்கிள்காரர் சங்கம், அரசாங்கம் செய்யாத பல காரியங்களைத் தானே செய்தது. வழிகாட்டிப் பலகைகளை நட்டது. 1919 முதல், தரையோடு தாழ்ந்த காளான் வடிவமான கைகாட்டிகளையும் பாதைச் சந்திப்புகளில் வைத்தது. கிராமப்புறங்களிலோ, பாதை போடுவதற்கென்றே தனிச் சங்கங்கள் பிறந்தன; ஹில்வெர்சம் நகரைச் சூழ்ந்த பகுதியில் அத்தகைய சங்கம் ஒன்று 1914-இல் ஏற்பட்டது. அங்கத்தினர் சந்தா கொடுத்தார்கள்; நிலச்சொந்தக்காரரிடம் பேசி ஓர் ஓரத்தில் வழி கேட்டார்கள்; கடற்கரையிலிருந்து சிப்பிகளைக் கொண்டுவந்து நொறுக்கிப் பரப்பி, மழைநீர் தேங்காத வெண்மையான பாதைகளை அமைத்தார்கள். சாதாரண ஜனங்கள் தங்கள் பொருளைக் கொண்டு தங்களுக்கே சாலை அமைத்துக்கொண்ட இந்தச் சிறு சங்கங்களைச் சரித்திர ஆசிரியர்கள் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் எண்ணம்.

அரசாங்கம் அவர்களுக்குச் செய்த கைம்மாறு வரி. 1924 முதல் ஒவ்வொரு சைக்கிளும் ஆண்டுக்கு 3 கில்டர் செலுத்தி, அதற்கு அடையாளமாக ஓர் உலோகத் தகட்டைத் தாங்க வேண்டியதாயிற்று. அந்தப் பணம் சாலைகளுக்கான பொது நிதியில் சேர்ந்தது. சைக்கிள்காரர் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி மோட்டார்ச் சாலைகளுக்குச் சென்றது என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. அந்தப் புதிய சாலைகளின் ஓரத்தில் சைக்கிள் பாதையும் போட்டார்கள் என்பது ஓரளவு ஆறுதல். 1941-இல், ஜெர்மானிய ஆதிக்கத்தின்போது, வரி நீங்கியது. ஆனால் அந்த ஆதிக்கம் பிறகு சைக்கிள்களையே பறிமுதல் செய்தது. 1944–45-ஆம் ஆண்டுப் பஞ்ச குளிர்காலத்தில், ஏறத்தாழ 20,000 பேர் மடிந்த அந்தக் கொடிய மாதங்களில், ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் ஹார்லெமிலிருந்தும் தாய்மார்கள் டயர் இல்லாத சைக்கிள்களில் வடக்கேயுள்ள போல்டர் கிராமங்களுக்குப் போய், வீட்டுத் துணியையும் நகையையும் கொடுத்து உருளைக்கிழங்கும் தானியமும் வாங்கி வந்தார்கள். அமைதியான கரைச்சாலைகள் அந்நாளில் பசித்தவர்களின் ஊர்வலப் பாதைகளாக இருந்தன. யுத்தம் முடியச் சில வாரங்களே இருந்தபோது, 1945 ஏப்ரல் 17-இல், பின்வாங்கும் ஜெர்மானியர் வீரிங்கர்மேர் போல்டரின் கரையைத் தகர்த்து அதை மறுபடியும் நீரில் மூழ்கடித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜனங்கள் அதை மீண்டும் இறைத்துவிட்டார்கள்.

வீரிங்கர்மேர் என்பது கார்னீலிஸ் லேலி என்ற பொறியியல் நிபுணரின் பெருந்திட்டத்தில் முதல் பகுதி. ஸௌடர்ஸே என்ற உள்கடலை 32 கிலோமீட்டர் அணையால் அடைத்து, உள்ளே புதிய பூமியை உண்டாக்குவது அவர் எண்ணம்; 1916-ஆம் ஆண்டு வெள்ளம் அதற்குச் சட்டமாகும் வலிமையைக் கொடுத்தது; 1932-இல் அணை மூடியது. இந்தப் புதிய நிலங்களில் 1942-இல் வெளிப்பட்ட வடகிழக்குப் போல்டரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அதன் நடுவில் எம்மெலோர்ட் என்ற நகரையும், அதைச் சூழப் பத்துக் கிராமங்களையும் அமைத்தார்கள். கிராமத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள தூரத்தை நிர்ணயித்த அளவுகோல், ஒரு குடியானவனோ அவன் பிள்ளையோ சைக்கிளில் அலுப்பின்றிச் சென்று திரும்பக்கூடிய தூரமே. ஒரு பிரதேசத்தின் வரைபடத்தையே சைக்கிள் வரைந்தது! 1957-இல் அடுத்ததாகிய கிழக்கு ஃப்ளேவோலாந்து வெளிப்பட்டபோது மோட்டார் யுகம் வந்துவிட்டது. அங்கேயும் பத்து ஊர்களுக்குத் திட்டமிட்டிருந்தவர்கள், கார் வந்தபின் அத்தனை ஊர் வேண்டாம் என்று டிரான்டன் நகரைச் சூழ இரண்டு கிராமங்களை மட்டுமே கட்டினார்கள். பதினைந்தே ஆண்டு இடைவெளியில் தோன்றிய இவ்விரண்டு நிலங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, வாகனம் ஒன்று மனித வாழ்க்கையின் அளவையே எப்படி மாற்றுகிறது என்பது பிரத்தியட்சமாக விளங்கும்.

மோட்டார் மற்ற இடங்களிலும் தன் அதிகாரத்தைச் செலுத்திற்று. 1950-களிலும் 1960-களிலும் ஹாலந்து நகரங்கள் கார்களுக்காகக் கால்வாய்களைத் தூர்த்தன, வீதிகளை அகலப்படுத்தின. நில ஒழுங்குத் திட்டங்களின்கீழ் கிராமப்புறத்தில் போட்ட நேரான புதுச் சாலைகளில், நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்க்க விரும்பிய கார்கள் குறுக்குவழி தேடி விரைந்தன. 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர் குழந்தைகள். பள்ளிக்குச் சைக்கிளில் சென்ற தன் பெண்ணை இழந்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாஃப் 1972-இல் எழுதிய கட்டுரையைத் தொடர்ந்து, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற பெயராலேயே ஓர் இயக்கம் எழுந்தது; பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் அங்கம் வகித்த மார்ட்யே வான் புட்டன் அதன் முதல் தலைவி. தாய்தந்தையர் வீதிகளை மறித்து அமர்ந்தார்கள். அதே வீதிகளில் குழந்தைகளை விளையாட விட்டார்கள்.

அடுத்த ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973 நவம்பர் 4 முதல், 1974 ஜனவரி தொடக்கம்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைப் பிரதம மந்திரி ஜோப் டென் ஆய்லின் அரசாங்கம் தடை செய்தது. பெரிய மோட்டார்ச் சாலைகளில் ஜனங்கள் சைக்கிளிலும் உருளைச் சறுக்கிகளிலும் குதிரைமீதும் சென்றார்கள். குடும்பங்கள் நடுச்சாலையில் நடந்தன. சிக்கனத்துக்காகச் செய்த அந்த ஏற்பாடு, ஒரு தலைமுறை முழுவதும் மறந்துபோயிருந்த நிசப்தத்தைத் திரும்பக் காட்டியது; நாடு எவ்வாறு இருக்கக்கூடும் என்பதை ஜனங்கள் கண்ணால் கண்டுவிட்டார்கள். 1975-இல் சைக்கிள்காரர்களுக்குப் புதிய சங்கம் ஒன்று பிறந்தது; பழைய சங்கம் அதற்குள் கார்க்காரர்களின் சங்கமாக மாறிவிட்டிருந்தது. ஹேக், டில்பர்க் நகரங்களில் சைக்கிளுக்கென்றே தனி வழிகளைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். கிராமப்புறத்தில் மாறுதல் மெதுவாக வந்தது. தொலைதூரப் போக்குவரத்தைப் பெரிய சாலைகளுக்குத் திருப்பினார்கள். கரைவழிகளின் வாயில் கட்டைகளை நட்டு, அங்கே வசிப்பவரும் உழவரும் தவிர மற்ற மோட்டார்கள் நுழையலாகாது என்று பலகை வைத்தார்கள். நெடுஞ்சாலைகளுக்கு அடியில் சைக்கிள் செல்லச் சுரங்கவழி அமைத்தார்கள். 1997-இல் ஆரம்பித்த பாதுகாப்புத் திட்டத்தின்படி, கிராமச் சாலைகள் பலவற்றில் வேக வரம்பை 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். குதிரைக்காகவும் கரைக்காகவும் ஏற்பட்ட பழைய குறுகிய வழிகள், அகலப்படுத்தாமல் தப்பிய காரணத்தினாலேயே, இந்த ஏற்பாட்டுக்கு மிகவும் உகந்தவையாக அமைந்தன. இன்று தேசம் முழுவதும் சைக்கிள் பாதைகள் சுமார் 35,000 கிலோமீட்டர் என்று கணக்கு.

அந்த வழிகளை அந்நியரும் தொலையாமல் தொடர்வதற்கு உதவும் முறை அண்டைநாட்டிலிருந்து வந்தது. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் சுரங்கப் பொறியாளராக இருந்த ஹ்யூகோ பொலென், பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அடுத்த எண்களுக்குச் செல்லும் திசையை மட்டும் பலகையில் காட்டினால் போதும் என்று கண்டார். 1995-இல் அங்கே தொடங்கிய அந்த ஏற்பாடு 1999-இல் ஹாலந்துக்கு வந்து, பிறகு நாடெங்கும் பரவியது. நான்கைந்து எண்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டால் நாள் முழுவதும் பிரயாணம் செய்யலாம்.

பழைய வினை மட்டும் இன்னும் தீரவில்லை. கரிச்சேற்று நிலம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம் பல இடங்களில் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. பாதைகள் அலை அலையாக வளைந்து பிளக்கின்றன. கரையைவிட வீடு தாழ்கிறது. மாடு மேய்ப்பவருக்கு நீர்மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும். நிலத்தைக் காக்க வேண்டுமானால் நீர்மட்டம் உயர வேண்டும். இந்த வழக்கு நீர்ச்சபைகளில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. உழவரை நஷ்டத்துக்குள்ளாக்காமல் நீர்மட்டத்தை உயர்த்துவதே நியாயமான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான செலவை, அந்நிலத்தின் அழகையும் அமைதியையும் அனுபவிக்கும் நகரத்தாரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பக்கம் செல்லும் வாய்ப்புள்ள வாசகருக்கு ஒரு வார்த்தை. மலையே இல்லாத அந்நாட்டில் சைக்கிள்காரரைச் சோதிப்பது காற்று. அது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. ஆகையால், உடலில் வலிமை இருக்கும் காலைப்போதில் தென்மேற்கு நோக்கிப் புறப்பட்டு, மாலையில் காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்புவதே உசிதம். ஹார்லெமில் ரயிலைவிட்டு இறங்கினால், க்ரூகியஸ் இறைப்பு நிலையமும் லெய்டனுக்குச் செல்லும் பழைய குதிரைப்பாதையும் இரண்டுமே சமீபம். யந்திரத்தை முதலில் பார்த்துவிட்டு, பாதைக்கு அப்புறம் செல்லுங்கள்.